வாளியை இறக்குமுன் இருமுறை தட்டவும்

மூர்த்தெர், 20 ஏப்ரல் 1998

அன்புத் தங்கை பெரினாவுக்கு,

உன் முழங்கால் இந்தக் குளிர்காலத்தை எப்படித் தாண்டியது? எனக்கு இருமல் மட்டும்தான், அதுவும் காலையில் மட்டும். ஈஸ்டருக்கு நீ அனுப்பிய ரொட்டி ஜாக்ரெபிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் உடையவில்லை.

கொர்னாட் தீவில் இருக்கும் நம் வீட்டை இந்தக் கோடையில் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருந்தாய். பாடம் தொடங்குமுன் தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவது என் வழக்கம். கடற்பள்ளியை விட்டு வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியும் அது இல்லாமல் எனக்கு யோசனை ஓடுவதில்லை. ஆகவே:

1. வீடு குடியிருக்கத் தகுந்தது.
2. அப்படிப்பட்ட இடத்துக்கும் ஆள் வரும்.
3. அத்தை நலம்.
4. அத்தை கடலை மறந்துவிட்டாள்.
5. ஃப்ரானே உதவுவான்.

முதலாவது. கூரை ஒழுகாது என்று நினைக்கிறேன். அடுப்பும் எரியும் என்று நினைக்கிறேன். கதவின் கீல்களுக்கு எண்ணெய் விட வேண்டும்.

இரண்டாவது. மின்சாரம் இல்லை, கடை இல்லை, பாதை இல்லை. அந்த வளைகுடாவில் நம் வீடு ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் வருவார்கள் என்று நினைக்கிறேன். சண்டை ஓய்ந்து மூன்று கோடை ஆகிறது. சத்தம் இல்லாத இடத்தை மக்கள் தேடிப் போகிறார்களாம்.

மூன்றாவது. ஈஸ்டருக்கு மறுநாள் போயிருந்தேன். தொட்டியின் விளிம்பில் இருமுறை தட்டினேன். அத்தை மேலே வந்தாள். ரொட்டி தின்றாள். கீழே போனாள்.

நான்காவது. ஆட்கள் வருமுன் அவளைக் கடலில் விட்டுவிடலாமா என்று கேட்கிறாய். வேண்டாம் என்று நினைக்கிறேன். மழைநீர்த் தொட்டியில் புழு பூச்சி சேராமல் இருக்க ஒரு விலாங்கு வேண்டும் என்று அப்பா அவளை நெரெத்வா ஆற்று முகத்துவாரத்திலிருந்து ஈரச்சாக்கில் கொண்டுவந்தது 1938-இல். உனக்கு எட்டு வயது. சாக்கை மடியில் வைத்திருந்தவள் நீதான். அறுபது ஆண்டு! நாலு அடிக்கு ஆறு அடி இருட்டுதான் அவள் உலகம். உப்பு என்றால் என்னவென்றே அவளுக்கு நினைவிருக்காது என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது. படகும் சாமான்களும் ஃப்ரானே பொறுப்பு. சம்மதிப்பான் என்று நினைக்கிறேன்.

முழங்காலைக் குளிரில் காட்டாதே.

உன் அண்ணன்,
யெரோலிம்

*

ஜாக்ரெப், 29 ஏப்ரல்

அண்ணா,

முழங்கால் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. இருமலுக்குத் தேனும் சேஜ் இலையும் போட்டுக் குடி. மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றவள் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் ஆறு "என்று நினைக்கிறேன்". எண்ணிப் பார்த்தேன். இருந்தாலும் சரி, விடுவோம். ஆளும் பார்த்துவிட்டேன். பரான்யாவிலிருந்து ஒரு குடும்பம்: யாகோதா, அவள் கணவன் ஸ்வோன்கோ, இரண்டு பெண் குழந்தைகள். ஆறு வருடம் அகதியாக அங்கும் இங்கும் இருந்துவிட்டு இப்போதுதான் சொந்த வீடு திரும்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் கடலைப் பார்த்ததே இல்லையாம். ஜூலையில் மூன்று வாரம்.

ஒன்று மட்டும். அத்தையைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடாதே. குடிக்கிற தண்ணீரில் கை கனத்துக்கு ஒன்று நெளிகிறது என்று தெரிந்தால் எந்தத் தாய் வருவாள்? என் பக்கத்து வீட்டுக்காரியிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன். "ஐயோ பெரினா, நான் அந்தத் தண்ணியில காலக்கூடக் கழுவ மாட்டேன்"னுட்டாள்.

அத்தை நலம் என்று எழுதியதற்கு நன்றி. அதைத்தான் முதலில் படித்தேன்.

பெரினா

*

மூர்த்தெர், 3 ஜூன்

மதிப்புக்குரிய யாகோதா அம்மையாருக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் நலமாகப் பயணம் செய்து வந்துசேர வேண்டும். வீட்டைப் பற்றிய சில குறிப்புகளைத் தருகிறேன். இவற்றில் குறை இருந்தால் பொறுத்தருளவும்.

சாவி, படகோட்டி ஃப்ரானேயிடம். அவர் புதனும் சனியும் வருவார்; ரொட்டி, பால், கடிதம் எல்லாம் அவர் வழியாகத்தான். வாயு விளக்கு ஜன்னலுக்கு அருகே வேண்டாம். வடகிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று அடித்தால் அதன் பெயர் பூரா. அப்போது குழந்தைகள் தண்ணீரில் இருக்கக் கூடாது, படகும் வராது. குடிக்க ஃப்ரானே கொண்டுவரும் புட்டித் தண்ணீர். குளிக்கவும் சமைக்கவும் வீட்டின் பின்புறம் கனமான மூடியுள்ள மழைநீர்த் தொட்டி.

தொட்டியில் வாளியை இறக்குமுன், அதன் அடியால் விளிம்புக்கல்லில் இருமுறை தட்டவும். இது எங்கள் வீட்டு வழக்கம். தயவுசெய்து மறக்க வேண்டாம்.

தங்கள் நலம் விரும்பும்,
யெரோலிம்

*

கொர்னாட், 15 ஜூலை

அன்புள்ள ஐயா,

நீங்கள் சுகமா? நாங்கள் சுகம். சுகம் என்ற சொல் போதாது.

நாங்கள் சமவெளிக்காரர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் பழுப்பு நிறம், அது ஒரு பக்கமாக ஓடும். இங்கே ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. படகு வளைகுடாவுக்குள் திரும்பியபோது அடியில் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சின்னவள் படகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நாம மேல தொங்கிட்டு இருக்கோம்" என்றாள். முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் கிசுகிசு என்றுதான் பேசினார்கள், தேவாலயத்துக்குள் பேசுவது போல. யாரும் அவர்களை அதட்டவில்லை.

நீங்கள் சொன்னபடி விளிம்பில் தட்டினோம். ஐயா, ஏன் சொல்லவில்லை? பெரியவள்தான் முதலில் பார்த்தாள். இரண்டு தட்டு தட்டி, வாளியை இறக்கப் போகிறாள், கீழே இருட்டு அசைந்தது. நான் அலறினேன். ஸ்வோன்கோ ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"பாம்பு! பாம்பு!"

"பாம்பு இல்லடி, விலாங்கு! யம்மாடி! இந்தப் பருமன என் தாத்தாகூடப் பாத்திருக்க மாட்டாரு. மிளகாய்த்தூளப் போட்டுக் கொதிக்க விட்டா ஒரு கல்யாணத்துக்கே ஆகும்."

எங்கள் ஊரில் மீன்குழம்பு ஆண்கள் வேலை. சொன்னால் சிரிப்பீர்கள், இவ்வளவு தூரம் வந்தும் அவர் தன் செப்புக் கொப்பரையையும் முக்காலியையும் தூக்கிவந்திருக்கிறார். இப்போது அதைத்தான் மணல் போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறார். ஃப்ரானே கீழிருந்து கத்துகிறார், நிறுத்துகிறேன்.

யாகோதா

*

மூர்த்தெர், 16 ஜூலை

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

அனைவரும் நலமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு ஒருத்தியின் நலத்தை.

தங்கள் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இந்தப் பதில் சனிக்கிழமைதான் படகேறும். அதற்குள் கொப்பரை அடுப்பேறியிருந்தால் இந்தக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த விலாங்கை நாங்கள் அத்தை என்போம். என் தந்தை வைத்த பெயர். அறுபது ஆண்டுகளாக அந்தத் தொட்டியில் இருக்கிறாள். தலையில் வாளி இடிக்காமல் இருக்கத்தான் அந்தத் தட்டு. "வழி விடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் நாங்கள் நீர் மொள்வோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தங்கையிடம் சொல்லாததை, முகம் பார்த்திராத தங்களிடம் எழுதுவது எளிதாக இருக்கிறது. பதினொரு ஆண்டுகளாக நான் அந்தத் தீவுக்குப் போகவில்லை. 1987-இல் திரும்பி வரும் வழியில் பூரா பிடித்துக்கொண்டது. நான் பலகைக்கு அடியில் படுத்து இரண்டு கையாலும் ஃப்ரானேயின் காலைக் கட்டிக்கொண்டேன். முப்பத்தாறு ஆண்டு மாலுமிகளுக்குக் கடலில் வழி கணிக்கக் கற்பித்தவன் நான். அதற்குப் பிறகு படகில் கால் வைக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஈஸ்டர் முடிந்ததும், அத்தை மேலே வந்தாள், ரொட்டி தின்றாள் என்று தங்கைக்கு எழுதிவருகிறேன். ஃப்ரானே பார்த்துச் சொல்வதை நான் பார்த்ததாக எழுதுவதில் பெரிய பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கள் கடிதம் வந்ததும் ஃப்ரானேயிடம் போய், "அத்தை இவ்வளவு பெருசா இருக்காளாமே, நீ சொல்லவே இல்லையே?" என்றேன். அவன் வலையைப் பார்த்துக்கொண்டே, "அந்த மூடியத் தூக்க எனக்கு இடுப்பு ஏது வாத்தியாரே? நீங்க உங்க தங்கச்சிக்காகப் பாத்தீங்கல்ல, அப்படித்தான் நானும் உங்களுக்காகப் பாத்தேன்" என்றான்.

ஆக, பதினொரு ஆண்டு யாரும் தட்டவில்லை. தங்கள் மகள் தட்டினாள். அத்தை மேலே வந்தாள். 

தங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

யெரோலிம்

*

மூர்த்தெர், 23 ஜூலை

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

நேற்று புதன். பூரா அடித்தது. படகு போகவில்லை. சனிக்கிழமை கடிதத்தைக் கொடுக்கப் போனபோது தாங்கள் எல்லோரும் மலைமேல் ஏறியிருந்ததாகவும், அதை வாசற்படியில் போட்டு மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்ததாகவும் ஃப்ரானே சொல்கிறான். "வீட்டில் என்ன மணம் வந்தது?" என்று கேட்டேன். "மீன்குழம்பு மணம்" என்றான். என்ன மீன் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

ஒரு வரி போதும்.

யெரோலிம்

*

கொர்னாட், 25 ஜூலை

அன்புள்ள ஐயா,

உயிரோடு இருக்கிறாள்! இதை முதலில் எழுதுகிறேன், பிறகுதான் உங்கள் சுகம். உங்கள் இரண்டு கடிதத்தையும் ஒரே நாளில் படிக்கும்படி ஆனது. முதல் கடிதத்தை நாங்கள் மலை இறங்குமுன்பே காற்று படியிலிருந்து தூக்கிக்கொண்டு போய் முட்புதரில் போட்டிருக்கிறது; இன்று காலை ஆடு ஒன்று அதன் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் கண்டோம்.

கொப்பரையில் கொதித்தது ஃப்ரானே கொடுத்த தேள்மீன். ஸ்வோன்கோவிடம் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் என்ன, அறுபது வருஷம் ஒரே வீட்டுல வேலைக்கு நின்ன பொம்பளையக் கொதிக்க வைக்கிறவனா? அந்த ஐயா என்ன என்னன்னு நெனச்சாரு?" இப்போது அவரும் வாளியைத் தட்டிவிட்டு, "வழி விடுங்க அத்தை" என்கிறார், தொப்பியைக் கழற்றிவிட்டு.

ஆனால் ஒரு கவலை. அவள் மேலே வருகிறாள், ரொட்டியைத் தொடுவதில்லை. புழு போட்டோம், அதையும் தின்னவில்லை. கண்கள் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கின்றன. முதுகு கறுத்து, வயிறு வெள்ளி மாதிரி மின்னுகிறது. நாள் முழுக்கச் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வருகிறாள். எப்போதும் ஒரே மூலையில் நின்று மூக்கைச் சுவரில் அழுத்துகிறாள். பெரியவள் தொட்டிக்கு வெளியே அந்த மூலைக்கு நேராக நடந்து பார்த்தாள். கடலில் போய் நின்றாள்.

நோயா ஐயா? வயதா?

யாகோதா

*

மூர்த்தெர், 30 ஆகஸ்ட்

அன்புத் தங்கை பெரினாவுக்கு,

உன் முழங்கால் நலம் என்று நம்பி எழுதுகிறேன். என் இருமல் நின்றுவிட்டது.

யாகோதா குடும்பம் ஊர் திரும்பிவிட்டது. மனதில் நிறைவோடு போனார்கள். ஸ்வோன்கோ கீல்களுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அத்தையைப் பற்றி ஈஸ்டருக்கு நான் எழுதியது பொய். சென்ற ஆண்டு எழுதியதும், அதற்கு முந்தியதும். பதினொன்றும் பொய். நான் போகவே இல்லை. படகில் ஏற எனக்குப் பயம்.

அவள் உயிரோடு இருப்பது உண்மை, யாகோதா பார்த்தாள். அவளுடைய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கண் பெருத்திருக்கிறது, வயிறு வெளுத்திருக்கிறது, உணவை விட்டுவிட்டாள். பள்ளி நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். இது நோய் இல்லை, பெரினா. பயணத்துக்குத் தயாராகிறாள். விலாங்குகள் முட்டையிடப் போகும் இடம் அட்லாண்டிக்கின் மறுபாதியில் இருக்கிறது. அட்ரியாடிக்கைக் கடந்து, ஜிப்ரால்டரைத் தாண்டி, என் கணக்கில் நாலாயிரம் கடல் மைல். ஒரு கவளம் உணவு இல்லாமல், இருட்டான ஆழத்தில். அங்கே அவை முட்டையிடுவதை மனிதக் கண் இதுவரை பார்த்ததில்லையாம். அந்த இருட்டுக்காகத்தான் கண் பெருக்கிறது. வயிற்றுக்குள் குடல் சுருங்கி இடம் விடுகிறது. அறுபது ஆண்டு அந்த இருட்டில் அவளிடம் யார் வந்து நேரம் ஆகிவிட்டது என்று சொன்னார்கள்?

இலையுதிர் மழையில் கிளம்புமாம். அதற்குள் வெளியே விடாவிட்டால் சுவரில் மோதிமோதியே முடிந்துவிடலாம். அவள் உனக்கும் சொந்தம். நீ சொல்.

யெரோலிம்

*

ஜாக்ரெப், 11 அக்டோபர்

அண்ணா,

சுகம்தான். ஆறு வாரம் பதில் இல்லாததால் கோபம் என்று நினைத்திருப்பாய். பாதிதான் கோபம்.

நீ போகவில்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். எதை எழுதினாலும் "என்று நினைக்கிறேன்" போடாமல் உனக்கு எழுத வராது. அத்தை மேலே வந்ததைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. வந்தாள், தின்றாள், போனாள். நீ பார்த்திருந்தால் அவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டாய். ஆனாலும் அந்த வரி எனக்கு வேண்டியிருந்தது. ஆகவே கேட்கவில்லை.

மீதிப் பாதி இது. 1938-இல் சாக்கு என் மடியில் இருந்தது. அதன் வாயை இரண்டு கையாலும் இறுக்கியிருந்தேன். வழி முழுக்க அவள் மூக்கு என் உள்ளங்கையை முட்டிக்கொண்டே வந்தது. படகு எந்தப் பக்கம் திரும்பினாலும், வெளிக்கடல் இருந்த பக்கம்தான். நான் அப்பாவிடம் சொன்னேன்: "அப்பா, அது எறங்கணும்னு சொல்லுது." அப்பா சிரித்தார். "சொல்லும், சொல்லும். நீ இறுக்கிப் புடிச்சுக்கோ." நான் பிடித்துக்கொண்டேன். ஆண்டுதோறும் அவள் நலமா என்று உன்னை ஏன் கேட்டேன் என்று இப்போது தெரிகிறதா?

அப்பா அவளைச் சிறை வைக்கவில்லை, வேலைக்குத்தான் வைத்தார். எனக்கே முப்பது வருடத்தில் ஓய்வூதியம் கொடுத்துவிட்டார்கள். அவளை அனுப்பு. ஆனால் ஃப்ரானேயை அனுப்பாதே. அவன் பார்த்தேன் என்றுதான் சொல்வான். நீ போ.

பயப்படு. பயந்துகொண்டே போ.

பெரினா

*

மூர்த்தெர், 5 நவம்பர்

அன்புத் தங்கை பெரினாவுக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நான்கு நாள் தென்காற்றும் மழையும். நேற்றுக் காலை மழை விட்டதும் கிளம்பினோம். துறையில் நான் நின்றுகொண்டே இருந்தேன். ஃப்ரானே, "வாத்தியாரே, என் கால் இங்கதான் இருக்கு, வேணும்னா முன்னாடியே புடிச்சுக்கோங்க" என்றான். ஏறினேன். இரண்டு மணி நேரமும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். பெரிய விஷயமில்லை, உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தட்டினேன். எண்ணிக்கை தவறி இரண்டு தட்டு மூன்றாகிவிட்டது. அவள் வந்தாள். பெரினா, அவளை நான் கடைசியாகப் பார்த்தபோது மஞ்சளும் பழுப்புமாக, தூங்கி எழுந்தவள் போல இருந்தாள். இவள் வேறு. வெள்ளி உருக்கி வார்த்தது போல இருந்தாள். அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்தன. ஃப்ரானே வாயாடி, உனக்குத் தெரியும். அவன்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

கைவலையில் எடுத்து, ஈரச்சாக்கில் வைத்தோம். முப்பத்தொரு படி. நான்தான் சுமந்தேன். நீ எழுதியது சரி. வழி முழுக்க மூக்கு என் உள்ளங்கையை முட்டிக்கொண்டே வந்தது.

கடைசிப் படியில் சாக்கைத் தண்ணீருக்குள் வைத்து வாயைத் திறந்தேன். வெளியே வந்து கல்லை ஒட்டிக் கிடந்தாள். செவுள் மட்டும் அசைந்தது. உப்பு அவளைக் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். ஃப்ரானே கிசுகிசுத்தான்: "தட்டுங்க." கல்லில் இருமுறை தட்டினேன். "வழி விட்டாச்சு, அத்தை" என்றேன்.

போனாள். தேடவில்லை, சுற்றவில்லை. வளைகுடாவின் வாய் வடமேற்கே இருக்கிறது, அதை நோக்கி நேராகப் போனாள். அங்கே கோடி முனையைச் சுற்றித் தென்கிழக்கே திரும்பினாள். அட்ரியாடிக்கை விட்டு ஜிப்ரால்டருக்குப் போகும் வழி அந்தத் திசையில்தான். நான் மாணவர்களுக்கு வரைபடமும் திசைகாட்டியும் அளவுகோலும் கொடுத்தும், பாதிப் பேருக்கு அது தவறிவிடும். நீர் தெளிவாக இருந்ததால் வெகுதூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கவில்லை.

அடுத்த ஜூலைக்கும் யாகோதா வீட்டைக் கேட்டிருக்கிறாள். தொட்டிக்கு மருந்துத் தூள் வாங்கிவிட்டேன். தட்டும் வழக்கம் மட்டும் இருக்கட்டும் என்று பெரியவள் சொன்னாளாம்.

ஏப்ரலில் நான் உனக்கு ஐந்து குறிப்புகள் எழுதினேன். மூன்றாவது பொய், அதை ஒப்புக்கொண்டாயிற்று. நான்காவது, அத்தை கடலை மறந்துவிட்டாள் என்றது, பொய்யில்லை; நான் உண்மையாகவே நம்பினேன். அது தவறு.

உன் அண்ணன்,
யெரோலிம்